சிறுநீரகச் சோதனைத் தாளைப் படிப்பது எப்படி?

பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் உள்ள கிளினிக்குகளில் இரத்தச் சோதனை செய்துகொள்வோர் கைக்கு வரும் தாளில் 'கிரியாட்டினின்' என்றொரு சொல்லும், அதனருகே ஓர் எண்ணும் காணப்படும். எண் வரம்புக்குள் இருப்பின் சிறுநீரகம் நலமாயிருக்கிறது என்று மனநிறைவு கொள்வோர் பலர். அந்த மனநிறைவு எல்லார்க்கும் பொருந்துவதன்று.

கிரியாட்டினின் தசைகளிலிருந்து இடையறாது உண்டாகும் கழிவுப்பொருள். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. அவை இக்கழிவை இரத்தத்தினின்று பிரித்துச் சிறுநீரில் சேர்க்கின்றன. வடிகட்டும் ஆற்றல் குறைந்தால் கழிவு இரத்தத்தில் தேங்கும், எண் உயரும். ஆனால், தசை மெலிந்த முதியோர் உடலில் கழிவு உண்டாவதே குறைவு. ஆதலால் வடிகட்டிகள் பழுதுற்ற பின்னும் எண் பெரிதாக உயராமல் இருக்கலாம்.

இக்குறையை நீக்கவே வயதையும் பாலையும் சேர்த்துக் கணக்கிடும் 'ஈ.ஜி.எஃப்.ஆர்.' என்னும் அளவு ஏற்பட்டது. நிமிடத்திற்கு எத்தனை மில்லிலிட்டர் இரத்தநீர் வடிகட்டப்படுகிறது என்பதன் மதிப்பீடே அது. சான்றாக, கிரியாட்டினின் 90 மைக்ரோமோல் என்று கொள்வோம். 30 வயது ஆடவருக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். ஏறத்தாழ 100, 75 வயது மூதாட்டிக்கோ அது 60க்கும் கீழே! 60க்குக் குறைந்த அளவு மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். 15க்குக் கீழே சென்றால் சிறுநீரகச் செயலிழப்பு.

தமிழ்நாட்டில் சோதனை செய்து வந்தோர் மற்றொன்றையும் கருத வேண்டும். அங்கே கிரியாட்டினினை மில்லிகிராமில் குறிப்பர். மலேசியாவில் மைக்ரோமோலில் குறிப்பர். அங்குள்ள எண்ணை 88.4ஆல் பெருக்கினால் இங்குள்ள எண் கிடைக்கும். அங்கே 1.2 என்பதும் இங்கே 106 என்பதும் ஒன்றே. நோய் முற்றிவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை.

இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் உள்ளவர்க்கு இரத்தச் சோதனை மட்டும் போதாது. சிறுநீரில் 'அல்புமின்' என்னும் புரதம் கசிகிறதா என்றும் பார்த்தல் வேண்டும். ஈ.ஜி.எஃப்.ஆர். குறையுமுன்னரே இக்கசிவு தோன்றுவதுண்டு. அந்நிலையில் மருத்துவம் தொடங்கினால் நோயின் வேகத்தைத் தணிக்கலாம்.

மலேசியாவில் 2018ஆம் ஆண்டு நடந்த ஆய்வில், வயது வந்தோருள் 100க்கு 15 பேருக்கு இந்நோய் இருப்பது தெரிந்தது. அவர்களுள் தமக்கு நோயுண்டு என்று அறிந்திருந்தோர் 100க்கு 5 பேரே. தொடக்கத்தில் இந்நோய்க்கு வலியில்லை. அறிவிப்பது சோதனைத் தாள் ஒன்றே. ஆகவே, பழைய தாள்களை எறியாமல் வரிசையாக வைத்து மருத்துவரிடம் காட்டுக. எண் ஆண்டுதோறும் எப்பக்கம் நகர்கிறது என்பதை அவை காட்டும்.