உங்களுக்குத் தெரியுமா? பாம்புக் கூட்டத்துக்குச் சத்தம் கொடுத்தது சீஸ்!

கையில் நான்கு ஆஸ்கர். தெருவில் நடந்து போனால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவர்தான் பென் பர்ட், ஹாலிவுட்டின் சவுண்ட் எடிட்டர். காலேஜில் படித்ததோ பிசிக்ஸ்!

1977-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஒளிவாள் ‘உம்ம்ம்’ என்று உறுமுமே, அது என்ன தெரியுமா? பழைய சினிமா புரொஜெக்டரின் மோட்டார்! மாணவராக இருந்தபோது படம் ஓட்டும் வேலையும் பார்த்தார். அப்போதே காதில் ஒட்டிக்கொண்ட சத்தம்.

ஆனாலும் ஏதோ குறைந்தது. ஒரு நாள் மைக்கும் கையுமாக டி.வி. பக்கம் போனார். மைக் வயரில் பழுது. பிக்சர் டியூபின் ‘கர்ர்ர்’ இரைச்சல் டேப்பில் ஏறிவிட்டது! நாமாக இருந்தால் வயரைக் குப்பையில் போட்டிருப்போம். மனிதர் இரண்டு சத்தத்தையும் கலந்தார். வாள் ரெடி!

வாளை வீசும்போது சத்தம் மாறுகிறதே, அது? உறுமலை ஸ்பீக்கரில் ஓடவிட்டார். அதன் முன்னால் மைக்கையே வாளாக நினைத்து வீசு வீசென்று வீசினார்!

லேசர் துப்பாக்கி? டவரை இழுத்துக் கட்டியிருக்கும் கம்பியில் சுத்தியலால் ஒரு போடு. அவ்வளவுதான்!

சீறிப் பாயும் வில்லன்களின் விண்கலம்? யானைப் பிளிறலும், ஈர ரோட்டில் ஓடும் காரும்!

1981-ல் இண்டியானா ஜோன்ஸ் படம். உருண்டு துரத்தும் அந்த ராட்சதப் பாறை, இன்ஜினை அணைத்துவிட்டுச் சரளைச் சரிவில் இறக்கிய ஹோண்டா சிவிக்! நெளியும் பாம்புகள்? மனைவி சமைத்த சீஸ் பதார்த்தத்துக்குள் விரல்களை விட்டு அளைந்தார்! புனிதப் பேழையின் கனத்த மூடி திறக்கிறதே... அது அவர் வீட்டு டாய்லெட் தொட்டியின் மூடி. சத்தியமாக!

2008-ல் ‘வால்-இ’. குட்டி ரோபோ வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். ஆனால் படத்துக்காக இவர் சேர்த்த சத்தங்கள் சுமார் 2,500!

1951-ல் ஒரு படத்துக்காகப் பதிவான அலறலைத் தேடிப் பிடித்து ‘வில்ஹெல்ம்’ என்று பெயர் வைத்தவரும் இவரே. தன் படங்களில் விடாமல் செருகினார். இன்று அந்த ஒரே அலறல் நூற்றுக்கணக்கான படங்களில்!

1983-ல் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை’யில் ஓர் அதிகாரி கைப்பிடிச் சுவரைத் தாண்டி விழுவார். காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். அதே வில்ஹெல்ம் பாணி அலறல். விழுபவரும் பென் பர்ட், அலறுபவரும் பென் பர்ட்!