களவு தப்பிய கார்

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, நல்லம்பள்ளியைக் கடந்தபின் தொப்பூர்க் கணவாய்ச் சரிவில் இறங்குகிறது. நல்லம்பள்ளியில் இரவு காரை நிறுத்தியவர் ஒருவர் காலையில் வந்து பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கக் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது. ஸ்டியரிங்கின் கீழ்மூடி பெயர்ந்து ஒயர்கள் தொங்குகின்றன. கார் மட்டும் களவு போகவில்லை. சாவியைத் திருப்புகிறார், எஞ்சின் கிளம்புகிறது. சேலத்தில் பழுது பார்த்துக்கொள்ளலாம் என்று புறப்படுகிறார். அவரைத் தடுத்து நிறுத்தவே நான் விரும்புகிறேன்.

இக்காலத்துச் சாவிகள் பலவற்றினுள் சிறியதொரு மின்னணுச் சில்லு உண்டு. அதன் குறியீடு பொருந்தினாலன்றி எஞ்சின் இயங்காது. ஆகவே, பூட்டை உடைத்த பின்னரும் கள்வன் தோற்றுப் போகிறான். ஆனால், தோற்கும் முன் அவன் செய்த வேலை உள்ளே மறைந்திருக்கிறது.

சாவியை எடுத்ததும் பல கார்களில் ஓர் எஃகுத் தாழ் ஸ்டியரிங் தண்டின் பள்ளத்தில் விழுந்து அதைப் பூட்டுகிறது. கள்வன் ஸ்டியரிங்கை வலிந்து முறுக்கும்போது அத்தாழ் முறியலாம், வளையவும் செய்யலாம். முறிந்ததைவிட வளைந்ததே பொல்லாதது என்பேன். வண்டி ஓடும்போது அது மீண்டும் பள்ளத்தில் விழுந்தால், வளைவில் கார் திரும்பாது. தோலுரிந்த ஒயர்கள் ஒன்றோடொன்று உரசினால் எஞ்சின் திடீரென நின்றுவிடக்கூடும். நின்றால் பவர் ஸ்டியரிங்கின் உதவி போய்விடும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் ஓரிரு மிதிகளில் தீர்ந்துவிடும். சமவெளியிலாவது ஓரம் கட்டலாம். கனரக லாரிகள் முன்னும் பின்னும் இறங்கும் தொப்பூர்ச் சரிவில் அதற்கு அவகாசம் ஏது?

எனவே, முதலில் எதையும் தொடாமல் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கைரேகை இருக்கக்கூடும், கண்ணாடித் தூளைக் கூட்டுவது பிறகு ஆகட்டும். அடுத்தது காவல் நிலையம். "ஒன்றும் போகவில்லையே, புகார் எதற்கு?" என்பார் பலர். களவு முயற்சியும் குற்றமே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, மின்னணு வழியாகவும் தகவல் தரலாம். மூன்று நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் ஏமாற்றம் அடைவோர் அதிகம். சட்டம் கட்டாயப்படுத்துவது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. அதில் நம் காரின் சேதத்துக்கு ஒரு பைசாவும் வராது. முழுமையான பாலிசியில்தான் கிடைக்கும். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு இல்லை. பிளாஸ்டிக், ரப்பர் உறுப்புகளுக்குப் பாதி கழித்துவிடுவர். உரிமை கோரினால், கோராத ஆண்டுகளுக்காகச் சேர்ந்த சலுகையும் போகும். அது முதலாண்டில் 20 சதவிகிதம். ஐந்தாண்டுகளில் 50 சதவிகிதம். கண்ணாடி ஒன்று மட்டும் உடைந்திருந்தால், கைப்பணத்தில் மாற்றுவதே சில வேளை இலாபம்.

பாலிசியின் நிபந்தனைகளில் இன்னொன்றும் உண்டு. பழுது பார்க்குமுன் வண்டியை ஓட்டி, அதனால் சேதம் பெருகினால், அந்தப் பெருக்கம் உரிமையாளர் தலையிலேயே விழும். தருமபுரி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து இழுவை வண்டியை வரவழையுங்கள். ஸ்டியரிங் தண்டையும் ஒயர்களையும் மெக்கானிக் பிரித்துப் பார்த்தபின் சேலத்துக்குப் புறப்படலாம்.