சர்க்யூட் போர்டில் ரேடியோ அலைக்கு வழிவிடுதல்

வைஃபையும் புளூடூத்தும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓர் அலையின் நீளம் காற்றில் ஏறக்குறைய 12.5 செ.மீ.; கண்ணாடி இழையும் எப்பாக்சிப் பிசினும் சேர்ந்த வழக்கமான சர்க்யூட் போர்டின் செப்புத் தடத்தில் அது சுமார் 7 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஆகவே, தாழ்ந்த அதிர்வெண்ணில் வெறும் இணைப்பாக மட்டும் கருதப்படும் ஒன்றரை செ.மீ. தடம், இங்கே அலையின் கால் பங்கை நெருங்கி, தனக்கென மின்பண்புகள் கொண்ட ஓர் உறுப்பாகிவிடுகிறது. சுற்றுப்படத்தில் ஒரு பிழையும் இல்லாத கருவி, அடுத்த அறையிலுள்ள ரவுட்டரின் சிக்னலைக்கூடப் பிடிக்க முடியாமல் திணறுவதற்குக் காரணம் பெரும்பாலும் படத்தில் வரையப்படாத இத்தகைய உறுப்புகளே.

சிப்பிலிருந்து ஆன்டெனாவுக்குச் செல்லும் தடத்தின் அகலமும், அதற்கும் அடியிலுள்ள கிரவுண்ட் செப்புக்கும் இடையிலுள்ள உயரமும் சேர்ந்து, அலை எதிர்கொள்ளும் இம்பீடன்ஸை, அதாவது மாறுமின்னோட்டத்துக்கான மொத்தத் தடையை, முடிவு செய்கின்றன. ரேடியோ துறையில் இது பொதுவாக 50 ஓம் என வைக்கப்படுகிறது. வழியில் இந்த மதிப்பு மாறும் இடங்களிலெல்லாம் அலையின் ஒரு பகுதி மோதித் திரும்புகிறது. 1.6 மி.மீ. தடிப்புள்ள இரண்டடுக்குப் பலகையில் 50 ஓம் பெறத் தடம் ஏறக்குறைய 3 மி.மீ. அகலமாக இருக்க வேண்டியிருப்பதால், கிரவுண்ட் 0.2 மி.மீ. ஆழத்திலேயே கிடைக்கும் நான்கடுக்குப் பலகையையே வடிவமைப்பாளர்கள் விரும்புகின்றனர், அதில் 0.4 மி.மீ.க்குச் சற்றுக் குறைந்த தடமே போதும்.

மிக அதிகமாகப் புறக்கணிக்கப்படுவது மின்னோட்டம் திரும்பி வரும் பாதை. தடத்தின் வழியே சென்ற மின்னோட்டம் மூலத்துக்குத் திரும்பியாக வேண்டும்; உயர் அதிர்வெண்ணில் அது கிரவுண்ட் தளம் முழுவதும் பரவாமல், மேலுள்ள தடத்தின் நேர் அடியில் நிழல்போல ஒட்டியே திரும்புகிறது. இடையில் வேறொரு இணைப்புக்காகக் கிரவுண்ட் செப்பு வெட்டப்பட்டிருந்தால், திரும்பும் மின்னோட்டம் அந்த வெட்டைச் சுற்றிப் போக நேர்ந்து, வேண்டாத இடத்தில் அலை வீசும் ஒரு வளையம் உருவாகிறது. அடுக்குகளை இணைக்கும் செப்பு பூசிய துளையான வயாவும் அப்பாவியானதன்று: 1 நானோஹென்றி மின்தூண்டல் கொண்ட ஒரு வயா 2.4 கிகாஹெர்ட்ஸில் சுமார் 15 ஓம் தடையாக நிற்கிறது. ரேடியோ சிப்பின் அடிப்பகுதியில் ஒன்றுக்குப் பதிலாகப் பல வயாக்களைக் கிரவுண்டுக்கு இறக்குவதும், மின்வழங்கலைச் சீராக்கும் மின்தேக்கிகளைச் சிப்பின் காலை ஒட்டியே வைப்பதும் இதனால்தான்.

ஆன்டெனாவைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறானது. தடத்துக்கு அடியில் கட்டாயம் இருக்க வேண்டிய கிரவுண்ட் செப்பு, பலகை விளிம்பில் அச்சிடப்படும் வழக்கமான ஆன்டெனாவுக்கு அடியில் எந்த அடுக்கிலும் இருக்கக் கூடாது. ஆயினும் அருகிலுள்ள கிரவுண்ட் தளமே அத்தகைய ஆன்டெனாவின் மறுபாதியாகச் செயல்படுவதால், பலகையை அளவுக்கு மீறிச் சிறிதாக்கினால் ஆன்டெனாவின் திறனும் சரிகிறது. 2017இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை ஜீரோ டபிள்யூ பலகையை உற்றுப் பார்த்தால், ஓரத்தில் முக்கோண வடிவில் செப்பு நீக்கப்பட்ட ஓர் இடம் தெரியும். சுவீடனின் ப்ரோஆன்ட் நிறுவனத்திடம் உரிமம் பெற்ற அந்த வடிவத்தில், செப்பில்லாத அந்த வெற்றிடமே அலையோடு ஒத்ததிர்ந்து ஆன்டெனாவாகிறது. இடத்தையும் செலவையும் ஒருசேர மிச்சப்படுத்திய அழகான தீர்வு அது. ஈஎஸ்பி32 போன்ற ஆயத்த மாட்யூல்களைப் பயன்படுத்துவோர், ஆன்டெனாப் பகுதியைத் தாய்ப்பலகையின் விளிம்புக்கு வெளியே நீட்டி வைப்பதே சிறந்தது.

ஏற்பி உணர வேண்டிய சிக்னல் ஒரு மில்லிவாட்டில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கக்கூடும் என்பதால், பலகைக்குள்ளேயே பிறக்கும் இரைச்சலும் அதை மூழ்கடித்துவிடும். சிப்புக்குக் கடிகாரத் துடிப்பு தரும் கிரிஸ்டல் தன் அதிர்வெண்ணின் மடங்குகளிலும் இரைச்சலை எழுப்புகிறது; 40 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் 61ஆவது மடங்கு 2440 மெகாஹெர்ட்ஸ். அது வைஃபை வரிசையின் நடுவிலேயே விழுகிறது. யூஎஸ்பி 3.0 இணைப்புகளின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளைப் பாதிப்பதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கையில் விளக்கியது. கிரிஸ்டல், மின்னழுத்த மாற்றி, அதிவேகத் தரவுத் தடங்கள் ஆகியவற்றை ஆன்டெனாவிலிருந்து இயன்றவரை தொலைவில் வைப்பதை, எஞ்சிய இடத்தில் செய்துகொள்ளலாம் எனத் தள்ளிப்போடாமல், பலகையின் முதல் வரைவிலேயே முடிவு செய்ய வேண்டும்.

பிளாஸ்டிக் உறையும் பேட்டரியும் கையின் அண்மையும் ஆன்டெனாவின் ஒத்ததிர்வு அதிர்வெண்ணை நகர்த்திவிடுகின்றன. உறை நெருங்கினால் அது பெரும்பாலும் கீழே இறங்கும். இதை முன்கூட்டியே எண்ணி, ஆன்டெனாவுக்குச் செல்லும் தடத்தில் மூன்று சிறு மின்தேக்கிகள் அல்லது மின்தூண்டிகளைப் பொருத்த இடம் விட்டுவைக்கின்றனர். அவற்றின் மதிப்புகள் மேசைமேல் கிடக்கும் வெறும் பலகையில் முடிவாவதில்லை. பேட்டரி பொருத்தி உறையை மூடிய பின், மோதித் திரும்பும் அலையை அளக்கும் நெட்வொர்க் அனலைசர் கருவியைக் கொண்டே அவை தேர்ந்தெடுக்கப்படுகின்றன.