வன்னியில் ஓட்டிசம்: ஏற்பும் உரிமையும்

அறிகுறிகளும் தாமதமும்

ஓட்டிசம் என்பது மருந்தால் மாற்றவேண்டிய நோயன்று. பிறருடன் தொடர்பாடுவதிலும், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை உணர்வதிலும் பெரும்பான்மையோரினின்று வேறுபட்டு இயங்கும் மூளைவளர்ச்சி நிலையாகும். பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாமலிருத்தல், வேண்டிய பொருளைச் சுட்டிக்காட்டாமல் தாயின் கையை இழுத்துச்சென்று பிஸ்கற் ரின்னின்மேல் வைத்தல், சோடா மூடிகளை வரிசையாக அடுக்கி, ஒன்று நகர்ந்தாலும் அடங்காமல் அழுதல் போன்ற அறிகுறிகள் பல பிள்ளைகளிடம் 18 மாத வயதளவிலேயே தென்படுகின்றன. பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவருடைய குழுவினரும் இலங்கையின் அரைநகரப் பகுதியொன்றில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடையே நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் கண்டறியப்பட்டது. எனினும், "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்ற ஆறுதலில் அருமையான மாதங்கள் கழிந்துவிடுகின்றன.

தாய்மேல் விழும் பழி

தாயின் அன்பின்மையே ஓட்டிசத்துக்குக் காரணம் என்ற கருத்து மேலைநாட்டு மருத்துவ உலகிலேயே நெடுங்காலம் நிலவி, 1964இல் உளவியலாளர் பேர்னார்ட் றிம்லண்டின் நூலால் ஆட்டங்கண்டது. பரம்பரையலகுகளுக்கே இதில் பெரும்பங்குண்டு என்பதை இன்றைய அறிவியல் தெளிவாக்கியுள்ளது. 2009வரை நீடித்த போரில் இடம்பெயர்வையும் இழப்பையும் சுமந்த வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவுத் தாய்மார்மேல், பிள்ளை பேசாமைக்கான பழியையும் ஏற்றுவது கொடுமையாகும். 1993இல் டொரொன்டோவில் நடந்த ஓட்டிச மாநாட்டில், ஓட்டிசமுடைய ஜிம் சின்கிளேயர், தம் போன்றோருக்காகத் துக்கம் காப்பதைவிட, உள்ளவாறே அறிந்து துணைநிற்குமாறு பெற்றோரை வேண்டினார். அந்த வேண்டுகோள் பெற்றோருக்கு மட்டுமன்றி ஊருக்கும் உரியது. முல்லைத்தீவின் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலின் நெரிசலிலும் ஒலிபெருக்கிச் சத்தத்திலும் காதைப் பொத்திக்கொண்டு கதறும் பிள்ளையைப் பார்த்து "வளர்ப்புச் சரியில்லை" என்பவர்களே அக்குடும்பத்தை வீட்டுக்குள் முடக்குகிறார்கள்.

சட்டமும் தாய்மொழிச் சேவையும்

இயலாமையைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பதை இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. ஆயினும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இயலாமையை உடல், உளக் குறைபாடாகவே வரையறுக்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டமோ ஓட்டிசத்தைப் பெயர்குறித்தே பட்டியலிட்டுள்ளது. சட்டத்தோடு சேவையும் தேவை. பேச்சு மொழிச் சிகிச்சை, அதாவது சொல்லாலோ படத்தாலோ சைகையாலோ தன் தேவையை உணர்த்தப் பிள்ளையைப் பழக்கும் பயிற்சி, வீட்டில் பேசப்படும் தமிழிலேயே நடக்கவேண்டும். ஆகவே தமிழில் பணியாற்றும் சிகிச்சையாளர்களை வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மருத்துவமனைகளுக்கு நிரந்தரமாக நியமிக்குமாறும், அருகிலுள்ள பாடசாலையிலேயே பிள்ளையைச் சேர்க்குமாறும் கேட்கும் பெற்றோர் சலுகை எதையும் கேட்கவில்லை. சட்டப்படி தம் பிள்ளைக்குச் சேரவேண்டியதையே கேட்கிறார்கள்.