அச்சு முறுக்கும் அண்டை வீடும்

புக்கிட் மெர்தாஜாமில் தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பு என்றால் சீன, மலாய் அண்டை வீட்டாரும் வருவார்கள். அவர்களை மனத்தில் வைத்தே சமையலைத் திட்டமிடுங்கள். கோழியும் ஆடும் ஹலால் கடையில் வாங்கியதாக இருக்கட்டும்; பாத்திரத்திலும் கவனம் தேவை. பௌத்த நண்பர்களில் வெங்காயம், பூண்டுகூடத் தொடாத சைவர்கள் உண்டு. அவர்களுக்கென ஒரு பருப்புக் கறியாவது தனிச் சட்டியில், தனிக் கரண்டியோடு இருப்பதுதான் மரியாதை.

பலகாரத்தில் எல்லாருக்கும் பழக்கமானது அச்சு முறுக்கு. மலாய் வீடுகளிலும் குவே ரோஸ் என்று பெருநாளுக்குச் சுடுகிறார்கள். அரிசி மாவு, தேங்காய்ப்பால், சீனி, முட்டை, அவ்வளவுதான். அச்சை எண்ணெயிலேயே நன்றாகக் காயவைத்து, மாவில் விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை மட்டும் தோய்க்க வேண்டும். விளிம்பு மூழ்கினால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. முட்டை சேர்ந்திருப்பதைச் சைவ விருந்தினரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். முழுதாக ஆறியதும் காற்றுப் புகாத டின்னில் அடையுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் சீக்கிரம் நமுத்துவிடும்.

நடந்து வர இயலாத முதியவர் பக்கத்தில் இருந்தால், அவருக்கான தட்டு காலையிலேயே போய்ச் சேரட்டும்.