விருத்தசேதனமும் எய்ட்ஸ் தடுப்பும்



சபை வாலிபர் கூடுகைகளில் நாங்கள் எய்ட்ஸ் விழிப்புணர்வு வகுப்பு நடத்தும்போது, “ஆப்பிரிக்காவில் ஆண்களுக்கு விருத்தசேதனம் செய்து இந்நோயைத் தடுக்கிறார்களாமே, நம் ஆஸ்பத்திரியில் ஏன் செய்வதில்லை?” என்று கேட்கிறார்கள். மூப்பர்கள் சிலரோ, “பவுல் வேண்டாம் என்றதை மிஷன் ஆஸ்பத்திரி செய்யலாமா?” என்கிறார்கள். காணிக்கை அனுப்பும் உங்களுக்கு இரண்டிற்கும் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நுனித்தோலின் உட்பக்கம் மென்மையானது. எச்.ஐ.வி. கிருமி எளிதில் பற்றும் உயிரணுக்கள் அங்கே மிகுதி. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா நாடுகளில் நடந்து 2005 முதல் 2007 வரை வெளிவந்த மூன்று ஆய்வுகள், அதை அகற்றினால் பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் அபாயம் ஏறக்குறைய 60 சதவீதம் குறைவதைக் காட்டின. அதாவது, பத்துப் பேருக்கு வரக்கூடிய இடத்தில் நான்கு பேருக்கு அப்போதும் வரும். மனைவிக்கு இது நேரடிப் பாதுகாப்பும் அல்ல. காயம் ஆற ஆறு வாரம் விலகியிருக்கவும் வேண்டும்.

தொற்று மிகுந்த கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2007-இல் இதைப் பரிந்துரைத்தது. கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையில் வாழும் லூவோ மக்களுக்கு விருத்தசேதன வழக்கம் இல்லை. முற்காலத்தில் கீழ்வரிசைப் பற்கள் ஆறைப் பிடுங்குவதே அவர்களுக்குப் பருவச் சடங்கு. அயல் குலத்தாரின் அடையாளத்தை எடுத்துக்கொள்வதா என்று அவர்களுடைய மூப்பர்கள் தயங்கினார்கள். அவர்களோடு பேசி, இது மருத்துவமே, குலவழக்கத்தை மாற்றுவதல்ல என்று தெளிவாக்கிய பின்பே 2008-இல் திட்டம் முன்னேறியது. லூவோ இனத்தவரும் அப்போதைய பிரதமருமான ராய்லா ஒடிங்கா வெளிப்படையாக ஆதரித்தார். டாக்டர்களைவிட உள்ளூர்த் தொண்டர்களின் பேச்சே ஆண்களைக் கூட்டிவந்தது என்பது எங்கள் எண்ணம். எவரையும் வற்புறுத்தவில்லை, பரிசோதனையும் ஆலோசனையும் சேர்த்தே தந்தார்கள்.

வேதக் கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரம் மறுப்பது இரட்சிப்புக்கு நிபந்தனையாக வைக்கும் விருத்தசேதனத்தை. தீத்துவைக் கட்டாயப்படுத்த இடங்கொடாத அதே பவுல், ஊழியத்தினிமித்தம் தீமோத்தேயுவுக்குச் செய்தாரே! சிகிச்சைக்காகத் தோலை அகற்றுவது நியாயப்பிரமாணத்திற்குத் திரும்புவதல்ல. நுனித்தோல் இறுகி வேதனைப்படுவோருக்கு நம் ஆஸ்பத்திரியிலும் செய்கிறோம்.

அப்படியானால் எய்ட்ஸ் தடுப்புக்காக ஏன் செய்வதில்லை? லூவோ மக்கள் வாழும் நியான்சா மாகாணத்தில் 2007-இல் வயது வந்தோர் நூறு பேரில் சுமார் 15 பேருக்குத் தொற்று இருந்தது. நம் நாட்டில் ஆயிரம் பேரில் சுமார் 2 பேருக்கே உள்ளது. அந்நாட்டுப் பரிந்துரை நமக்குப் பொருந்தாது. அறுவை செய்துகொண்டவர் இனிப் பயமில்லை என்று நடக்கத் தொடங்கினால் கேடுதான். விருத்தசேதனம் உள்ளவரும் இல்லாதவரும் சோதித்துப் பார்க்க வேண்டியவர்களே.

ஆகவே உங்கள் காணிக்கையை வேறு வழியில் செலவிடுகிறோம். அரசு 2004 முதல் கூட்டு மருந்தை இலவசமாய்த் தருகிறது. அதைத் தவறாமல் உட்கொண்டு இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், கணவனிடமிருந்து மனைவிக்கு உடலுறவினால் தொற்றுவதில்லை. ஆனால் மலையோரக் கிராமத்திலிருந்து ஆசாரிபள்ளம் வர பஸ் காசும் ஒருநாள் கூலியும் வேண்டுமே! அதற்கும், நம்பிக்கை மையத்துக்குத் துணையாய் வரும் தொண்டர்களுக்கும் உங்கள் பணம் போகிறது.

உங்கள் சபையில் வகுப்பு வேண்டுமானால் ஆயர் மூலம் எழுதுங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே நேரம் ஒதுக்கித் தாருங்கள். சேர்ந்திருந்தால் யாரும் வாய்திறப்பதில்லை.