ஒரு சொல்லும் அதன் சுற்றமும்



ஆங்கில மொழியிலே மூன்றே எழுத்துக்களாலான சிறு சொல் ஒன்றுண்டு. 'றன்' என்பது அது. ஆங்கிலம் பயிலத் தொடங்கும் நம் பிள்ளைகள் முதன்முதலிற் கற்கும் வினைச்சொற்களுள் அதுவும் ஒன்று. "றன் என்றால் ஓடு" என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார். பிள்ளைகள் தங்கள் கொப்பிகளில் எழுதிக்கொள்வார்கள். அத்துடன் அச்சொல்லைக் கற்பித்தாயிற்று என்று ஆசிரியரும், கற்றாயிற்று என்று பிள்ளைகளும் எண்ணிவிடுவார்கள். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

ஆசிரியப் பணியிற் புதிதாக அமர்ந்திருந்த காலத்தில், ஒருநாள் மாணவருக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சியொன்று கொடுத்தேன். 'அவளுடைய தந்தையார் ஒரு கடை நடத்துகிறார்' என்னும் பொருளுடைய ஆங்கில வாக்கியம் ஒன்று அதில் இருந்தது. நடத்துதலைக் குறிக்க அங்கே வந்த சொல் 'றன்' என்பதே. ஒரு சிறுவன், 'அவளுடைய தந்தையார் கடைக்கு ஓடுகிறார்' என்று எழுதியிருந்தான். நான் அதனை வகுப்பில் உரக்கப் படித்தேன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அச்சிறுவன் மட்டும் எழுந்து நின்று, "சேர், றன் என்றால் ஓடு என்று நீங்கள்தானே எழுதித் தந்தீர்கள்?" என்று கேட்டான். அக்கேள்விக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அதன் பின்பு அவ்வாண்டு முடியும்வரை அவன் என் வகுப்பில் ஒருநாளேனும் கை உயர்த்தவில்லை.

அவன் பிழை செய்தானா, நான் பிழை செய்தேனா என்பதை விளங்கிக்கொள்ள, அச்சொல்லின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

ஆங்கிலச் சொற்களின் வரலாற்றையெல்லாம் திரட்டித் தருவது ஒக்ஸ்போர்ட் பேரகராதி. ஜேம்ஸ் மறே என்னும் அறிஞர் 1879ஆம் ஆண்டில் அதன் பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்றார். 1915இல் அவர் மறைந்தபோதும் பணி முற்றுப்பெறவில்லை. 1928ஆம் ஆண்டிலேதான் முதற்பதிப்பு நிறைவெய்தியது. 1989இல் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகளாக வெளிவந்தபோது, அதில் மிக நீண்ட இடத்தைப் பிடித்திருந்தது 'செற்' என்னும் சொல். பின்னர் மூன்றாம் பதிப்புக்கென ஆராய்ந்தபோது, 'றன்' என்பதற்கு வினைச்சொல்லாக மாத்திரம் 645 பொருள்கள் காணப்பட்டன என 2011ஆம் ஆண்டில் அறியவந்தது. நான் கரும்பலகையில் எழுதியது அவற்றுள் ஒன்றே ஒன்று!

இத்தனை பொருள்கள் எங்ஙனம் பிறந்தன? முதலில் மனிதனும் விலங்கும் காலால் ஓடினர். பின்னர் ஆறு ஓடிற்று, இயந்திரம் ஓடிற்று, கொழும்புக்குப் பேருந்து ஓடிற்று. இதுவரையில் நம் தமிழும் உடன்வருகிறது. ஆனால் ஆங்கிலம் இங்கே நின்றுவிடவில்லை. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம்வரை வீதியும் 'றன்' செய்கிறது. நாமோ வீதி 'செல்கிறது' என்போம். துணியின் சாயம் அங்கே ஓடும், இங்கே போகும். மூக்கு அங்கே ஓடும்; இங்கே ஒழுகும். கிரிக்கெற் ஆட்டத்தை வானொலியிற் கேட்கும் நேயர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அடித்த பந்து நிலத்தில் உருண்டு எல்லைக் கோட்டைக் கடந்துவிட்டால், ஆட்டக்காரர் ஓரடியும் ஓடாமலே நான்கு ஓட்டங்கள் கணக்கிற் சேர்கின்றன. ஓட்டம் அங்கே ஓடுதல் என்னும் பொருளை விட்டு, ஓர் எண்ணிக்கையின் பெயராகிவிட்டது.

இனி, அச்சிறுவனை இடறிய இடத்துக்கு வருவோம். தமிழில் 'ஓடு' என்பது தன்வினை. 'ஓட்டு' என்பது பிறவினை. தானே ஓடுவது வேறு, பிறிதொன்றை ஓடச்செய்வது வேறு என்பதைச் சொல்லின் வடிவமே நமக்குக் காட்டிவிடுகிறது. பழைய ஆங்கிலத்திலும் இவ்விரண்டுக்கும் தனித்தனி வடிவங்கள் இருந்தன. காலப்போக்கில் அவை கலந்து ஒன்றாகிவிட்டன. ஆகவே 'றன்' என்பது நம் 'ஓடு', 'ஓட்டு' ஆகிய இரண்டின் சுமையையும் தாங்குகிறது. அதன் பின்னே கடையோ பாடசாலையோ செயப்படுபொருளாக வருமாயின், அங்கே ஓடுபவர் எவருமிலர், நடத்துபவரே உளர். ஆங்கிலேயர் ஓட்டுகின்ற கடையை நாம் நடத்துகிறோம். அவர்கள் ஓட்டத்திலிருந்து பெற்ற கருத்தையே நாம் நடையிலிருந்து பெற்றோம் என்பது எண்ணி மகிழத்தக்கது. ஆங்கிலம் பேசுவோருக்குள்ளேயும் இத்தகைய வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலுக்கு 'ஓடுகிறார்', இங்கிலாந்தில் 'நிற்கிறார்'. நம்மவரும் தேர்தலில் நிற்பவர்களே.

சொல்லின் பின்னால் ஒட்டி வரும் சிறு சொற்களும் பொருளை முற்றாக மாற்றவல்லன. 'றன் அவுட்' என்பது விளையாட்டுத் திடலில் ஆட்டமிழத்தலைக் குறிக்கும். அடுக்களையிலோ சீனி முடிந்துபோனதைக் குறிக்கும். 'ஓவர்' என்பது சேர்ந்தால் வாகனம் ஒருவர்மேல் ஏறிவிட்டது எனப் பொருள்படலாம். 'டவுண்' என்பது சேர்ந்தால் உடல் தளர்ந்த நிலையையும், ஒருவரைத் தூற்றுதலையும் குறிக்கலாம்.

இதனாலே ஆங்கிலம் ஒழுங்கற்ற மொழி என்று எண்ணிவிடல் ஆகாது. நம் 'ஓடு' என்பதைப் பாருங்கள். புகைவண்டி ஓடும், திரைப்படம் ஓடும், கவலை மிகுந்தால் வேலையே ஓடாது. பெயர்ச்சொல்லாயின் கூரையிலும் ஓடு, முட்டையிலும் ஓடு. ஆயினும் தமிழ்க் குழந்தை எதுவும் இதிலே தடுமாறுவதில்லை. பல பொருள் தரும் ஒரு சொல்லைத் தொல்காப்பியர் இருவகையாகப் பிரித்தார். உடன்வரும் வினையாலே பொருள் தெளிவாவது ஒன்று. அவ்வாறு தெளிவாகாதது மற்றொன்று. 'மா பூத்தது' என்றால் மரம். 'மா பாய்ந்தது' என்றால் குதிரை. 'மா விழுந்தது' என்றாலோ, மரமோ விலங்கோ என்பதை இடம் நோக்கியே அறிதல் வேண்டும். சொல் தனித்து வாழ்வதில்லை, சுற்றத்தோடு வாழ்கிறது. அச்சுற்றத்தைத் தமிழில் நாம் தாய்மடியிலேயே அறிந்துகொள்கிறோம். ஆங்கிலத்திலோ நம் பிள்ளைகளுக்கு அதனை அறிமுகஞ் செய்துவைப்பவர் தேவை.

ஆதலால் இன்று நான் புதிய சொல்லொன்றைத் தனியே எழுதிப் பொருள் கூறுவதில்லை. இரண்டு மூன்று வாக்கியங்களில் அதனை வைத்துக் காட்டுகிறேன். யார் செய்கிறார், எதனைச் செய்கிறார், பின்னால் ஒட்டி வருவது யாது என மூன்று கேள்விகளைப் பிள்ளைகளே கேட்டுப் பொருளைக் கண்டுகொள்ளும்படி விடுகிறேன்.

பெற்றோராகிய நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இரவில் விளக்கடியில் உங்கள் பிள்ளை அகராதியின் முதற்பொருளை எழுதிவிட்டுப் பொருந்தாத வாக்கியத்தோடு உங்களிடம் வருமாயின், நகைத்துவிடாதீர்கள். தனக்குக் கற்பித்ததை அப்பிள்ளை முழுமையாக நம்பியிருக்கிறது. அந்த நம்பிக்கையைக் காத்துக்கொண்டே அடுத்த பொருளையும் காட்டிக்கொடுங்கள். நான் அன்று சிரிக்காமல் இருந்திருந்தால், அச்சிறுவன் மறுநாளும் கை உயர்த்தியிருப்பான்.